எரர் இல்லை, எழுத்தும் இல்லை: வகை தெரியாத எக்ஸ்.எம்.எல். ஃபைலை பைத்தானில் படிப்பது எப்படி?

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

ரெட்டியார்பாளையத்தில் இருந்து ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. எம்.சி.ஏ. கடைசி வருஷம். தமிழ்க் கல்வெட்டுகளில் வார்த்தைகளைத் தேடுற மாதிரி ஒரு சின்ன டூல் செய்யறாங்க. கிட்ஹப்பில் இருந்து கல்வெட்டு ஃபைல்களை டவுன்லோட் பண்ணியிருக்காங்க. அதெல்லாம் ஏற்கனவே இருந்த வேற பல ஃபைல்களோட ஒரே ஃபோல்டரில் கலந்துபோச்சு. எல்லாத்துக்கும் கடைசியில் டாட் எக்ஸ்.எம்.எல். பைத்தானில் திறந்து டெக்ஸ்ட்டைக் கேட்டா காலியா வருது. எரர் எதுவும் இல்லை. "ஃபைல் கெட்டுப்போச்சா, என் கோடு கெட்டுப்போச்சா?" இதுதான் கேள்வி.

ரெண்டும் இல்லை. ஃபைல் நல்லாத்தான் இருக்கு, கோடும் ஓடுது. ஃபைல் எந்த வகைன்னு தெரியறதுக்கு முன்னாடியே அதுகிட்ட கேள்வி கேட்டுட்டாங்க, அவ்வளவுதான். இன்னிக்கு அதை வரிசையா பார்க்கலாம்.

அந்த ஃபைல்கள் எங்கிருந்து வருது?

ரெட்டியார்பாளையத்தில் இருந்து விழுப்புரம் ரோட்டைப் பிடிச்சு, இந்திரா காந்தி சிலையைத் தாண்டி டவுனுக்குள்ள போனா, கடற்கரைப் பக்கம் டூமாஸ் வீதி வரும். அங்கேதான் ஈ.எஃப்.ஈ.ஓ. என்கிற பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் புதுச்சேரி மையம் இருக்கு. 2019-இல் ஐரோப்பிய ஆராய்ச்சிக் கவுன்சிலின் நிதியில் 'தர்மா' என்ற பெயரில் ஒரு பெரிய திட்டம் தொடங்குச்சு. ஈ.எஃப்.ஈ.ஓ. அதில் பங்காளி. பாரீஸ், பெர்லின் ஆய்வாளர்களும் இருக்காங்க. தெற்கு ஆசியா, தென்கிழக்கு ஆசியாவின் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும், தமிழ்க் கல்வெட்டுகளையும் சேர்த்து, எக்ஸ்.எம்.எல். ஃபைல்களா எழுதி கிட்ஹப்பில் பொதுவில் வெச்சிருக்காங்க.

கல்வெட்டுக்கு ஏன் எக்ஸ்.எம்.எல்.? கல் உடைஞ்சிருக்கும், எழுத்து தேய்ஞ்சிருக்கும். எது கல்லில் இருக்கு, எது பதிப்பாசிரியர் ஊகிச்சது என்று பிரிச்சுக் காட்டணும். அச்சுப் புத்தகத்தில் இதுக்கு அடைப்புக்குறிகள் உண்டு. 1931-இல் நெதர்லாந்தின் லைடன் நகரத்தில் கூடிப் பேசி வகுத்த முறை ஒண்ணு இன்னிக்கும் பழக்கத்தில் இருக்கு. கம்ப்யூட்டரில் அதே வேலையைச் செய்ய 1987-இல் ஆரம்பிச்ச டி.இ.ஐ. என்கிற குறியீட்டு முறையும், அதைக் கல்வெட்டுக்கு ஏத்த மாதிரி சுருக்கின எபிடாக் என்கிற முறையும் இருக்கு. தர்மா ஃபைல்கள் எபிடாக் வழியில் எழுதினவை. இதை மனசுல வெச்சுக்குங்க, திரும்ப வருவோம்.

முதல் படி: அது எக்ஸ்.எம்.எல்.தானா?

ஃபைல் பெயரின் கடைசி மூணு எழுத்தை நம்பாதீங்க. டவுன்லோட் பாதியில் சொதப்பினா, எக்ஸ்.எம்.எல். பெயரில் ஒரு எச்.டி.எம்.எல். எரர் பக்கம் சேவ் ஆகியிருக்கும். சில நேரம் ஜிப் ஃபைலுக்கு அந்தப் பெயர் ஒட்டியிருக்கும். அதனால் ஃபைலை பைனரியா திறந்து முதல் சில நூறு பைட்டை மட்டும் பாருங்க. 'பி', 'கே' என்ற ரெண்டு ஆங்கில எழுத்தில் ஆரம்பிச்சா அது ஜிப். கோண அடைப்புக்குறியில் ஆரம்பிச்சா மேலே போகலாம். அதுக்கு முன்னாடி பி.ஓ.எம். என்கிற கண்ணுக்குத் தெரியாத ரெண்டு மூணு பைட் இருக்கலாம், பரவாயில்லை.

அடுத்து என்கோடிங். எக்ஸ்.எம்.எல்.-இல் எதுவும் குறிப்பிடலைன்னா யு.டி.எஃப். 8 என்று எடுத்துக்கணும். இல்லைன்னா முதல் வரியில் சொல்லியிருக்கும். அதனால் நீங்களே டீகோட் பண்ணி ஸ்ட்ரிங்கா மாத்திக் கொடுக்க வேண்டாம். பைட்டாவே பார்சர்கிட்ட கொடுங்க, அது படிச்சுக்கும்.

தமிழுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. யூனிகோடு பரவறதுக்கு முன்னாடி நம்ம ஆளுங்க திஸ்கி, டேப், டேம்னு பல என்கோடிங்கில் எழுதினாங்க. அப்படி எழுதின பழைய ஃபைல் ஒண்ணுக்கு முதல் வரியில் லத்தீன் என்கோடிங் என்று போட்டிருந்தா, பார்சர் மறுபேச்சு இல்லாம படிச்சு முடிச்சிடும். எரர் வராது. ஆனா வெளியே வர்றது மேலே புள்ளி, கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துக் குப்பை. 'பார்ஸ் ஆயிடுச்சு' வேற, 'சரியா படிச்சோம்' வேற.

ரெண்டாவது படி: பெயரும் இனிஷியலும்

எந்த எக்ஸ்.எம்.எல். ஃபைலா இருந்தாலும் எல்லாத்தையும் சுத்தி ஒரே ஒரு எலிமென்ட்தான் இருக்கும். அதுதான் ரூட். ஃபைலோட வகையைத் தெரிஞ்சுக்க முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

இப்போ நீங்க கேட்டுக்கிட்டிருக்கிற பாட்காஸ்ட்டே ஒரு எக்ஸ்.எம்.எல். ஃபைல் வழியாத்தான் உங்க ஃபோனுக்கு வருது. அந்த ஃபீடின் ரூட் ஆர்.எஸ்.எஸ். பைக் ரைடு ட்ராக் பண்ணின ஆப் கொடுக்கிற ஃபைலில் ரூட் ஜி.பி.எக்ஸ். விக்கிப்பீடியா டம்ப் இறக்கினா ரூட் மீடியாவிக்கி. ஆதார் ஆஃப்லைன் கே.ஒய்.சி. ஜிப்புக்குள்ள இருக்கிறதும் எக்ஸ்.எம்.எல்.தான், அதன் ரூட் பெயரே ஆஃப்லைன்பேப்பர்லெஸ்கேஒய்சி. நம்ம கல்வெட்டு ஃபைலில் ரூட் டி.இ.ஐ.

ஆனா பெயர் மட்டும் போதாது. ஒரே கிளாஸில் ரெண்டு குமார் இருந்தா என்ன பண்ணுவோம்? இனிஷியலைப் பார்ப்போம். எக்ஸ்.எம்.எல்.-இல் அந்த இனிஷியலுக்குப் பெயர் நேம்ஸ்பேஸ். 'டைட்டில்' என்ற எலிமென்ட் ஆர்.எஸ்.எஸ்.-இலும் உண்டு, எஸ்.வி.ஜி. படத்திலும் உண்டு, டி.இ.ஐ.-இலும் உண்டு. எந்த டைட்டில் என்று சொல்றது நேம்ஸ்பேஸ்தான். பார்க்க வெப் அட்ரஸ் மாதிரி இருக்கும், ஆனா அங்கே போய்ப் பார்க்கணும்னு அவசியமில்லை. அது ஒரு பெயர், அவ்வளவுதான்.

பைத்தானின் எலிமென்ட்ட்ரீ லைப்ரரி ஒவ்வொரு டேக் பெயருக்கும் முன்னாடி இந்த நேம்ஸ்பேஸை நெளிவு அடைப்புக்குள் சேர்த்தே வெச்சிருக்கும். அதாவது பார்சர் பார்வையில் முழுப்பெயர் இனிஷியலோட சேர்த்துத்தான். நீங்க வெறும் 'பாடி' என்ற டேகைத் தேடினா, "அப்படி ஒருத்தர் இல்லை" என்று நன் கொடுத்துட்டு அமைதியா இருக்கும். நேயருடைய மர்மத்தில் முதல் பாதி இதுதான். டேக் பெயருக்கு முன்னாடி வர்ற குட்டி முன்னொட்டை வெச்சும் முடிவு பண்ணாதீங்க. அது ஃபைலுக்கு ஃபைல் மாறலாம், இல்லாமலே போகலாம். மாறாதது நேம்ஸ்பேஸ் மட்டும்தான்.

ரூட்டைப் பார்க்க முழு ஃபைலையும் மெமரியில் ஏத்த வேண்டாம். ஐட்டர்பார்ஸ் என்ற ஃபங்ஷனை 'ஸ்டார்ட்' ஈவென்ட்டோட கூப்பிட்டு, முதல் ஈவென்ட் வந்ததும் நிறுத்திடுங்க. பல ஜிபி இருக்கிற டம்பா இருந்தாலும் கண் சிமிட்டற நேரம்தான். டேக், அட்ரிபியூட் ரெண்டும் கிடைச்சிடும். ஆனா ஸ்டார்ட் ஈவென்ட்டில் டெக்ஸ்ட்டை நம்பாதீங்க, அது இன்னும் வந்து சேர்ந்திருக்காது.

இன்னொண்ணு. சில நேரம் ரூட் வெறும் கவர்தான். டாலி சாஃப்ட்வேர் கொடுக்கிற எக்ஸ்.எம்.எல்.-இல் ரூட் 'என்வலப்', எல்லாம் பெரிய எழுத்து, நேம்ஸ்பேஸ் கிடையாது. பழைய வெப் சர்வீஸ்கள் பேசுற சோப் மெசேஜிலும் ரூட் 'என்வலப்', ஆனா முதல் எழுத்து மட்டும் பெரிசு, நேம்ஸ்பேஸ் உண்டு. எக்ஸ்.எம்.எல். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்கும், அதனால் இது ரெண்டும் வேற வேற. எப்படியும் கவரைப் பிரிச்சு அடுத்த ஒண்ணு, ரெண்டு மட்டத்தைப் பார்த்தாத்தான் உள்ளே என்ன லெட்டர்னு தெரியும்.

மூணாவது படி: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு

ரூட் தெரிஞ்ச பெயரா இல்லைன்னா? யாரோ தனக்காக வகுத்துக்கிட்ட அமைப்பா இருக்கலாம். டேக் பெயர் தமிழிலேயே இருக்கலாம். ஆமாம், எக்ஸ்.எம்.எல்.-இல் டேகுக்குத் தமிழ்ப் பெயர் வைக்க 1998-இல் வந்த முதல் பதிப்பில் இருந்தே அனுமதி உண்டு.

அப்போ ஊகிக்காம கணக்கெடுங்க. முழு ஃபைலையும் ஒரு தடவை நடந்து, ரூட்டில் இருந்து ஒவ்வொரு எலிமென்ட்டுக்கும் போற பாதையை எண்ணுங்க. ஸ்டார்ட் ஈவென்ட் வந்தா பெயரை லிஸ்ட்டில் சேர்க்கணும், எண்ட் ஈவென்ட் வந்தா எடுக்கணும், நடுவில் ஒரு கவுன்ட்டர். இருபது வரி கோடுகூட ஆகாது.

வெளியே வர்ற பட்டியலைப் பார்த்தா ஃபைலோட முகம் தெரியும். 'ஐட்டம் 214 தடவை, அதுக்குள்ள டைட்டில் 214 தடவை' என்று வந்தா, 214 ரெக்கார்டு இருக்குன்னு அர்த்தம். 'டைட்டில் 209' என்று வந்தா அஞ்சு ரெக்கார்டில் தலைப்பு இல்லை. கோடு எழுதறதுக்கு முன்னாடியே எங்கே விழுவோம்னு தெரிஞ்சுபோச்சு.

கூடவே ஒரே ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்க: ஏதாவது ஒரு எலிமென்ட்டுக்குள்ள எழுத்தும் குட்டி எலிமென்ட்டும் கலந்து இருக்கா? இல்லைன்னா அது டேட்டா. எக்செல் ஷீட் மாதிரி மாத்திக்கலாம். இருந்தா அது டாக்குமென்ட். அதில் வரிசை முக்கியம், நடுவில் இருக்கிற எழுத்து முக்கியம், ஷீட்டில் அடைக்க முடியாது. வகை தெரியாத ஃபைலில் நீங்க எடுக்கிற பெரிய முடிவே இதுதான்.

டெயில் எங்கே போச்சு?

இப்போ நேயருடைய மர்மத்தின் மீதிப் பாதி. கல்வெட்டு ஃபைலில் ஒவ்வொரு வரி ஆரம்பிக்கிற இடத்திலும் எல்.பி. என்ற ஒரு காலி டேக் வரும். "இங்கே கல்லில் முதல் வரி, இங்கே ரெண்டாவது வரி" என்று சொல்ற மைல்கல் அது. அதுக்குள்ள எதுவும் இருக்காது, எழுத்தெல்லாம் அதுக்குப் பின்னாடி வரும்.

எலிமென்ட்ட்ரீயில் ஒரு எலிமென்ட்டின் 'டெக்ஸ்ட்' என்றால், அது திறந்ததில் இருந்து முதல் குட்டி எலிமென்ட் வர்ற வரைக்கும் இருக்கிற எழுத்து மட்டும்தான். குட்டி எலிமென்ட் மூடினதுக்கு அப்புறம் வர்ற எழுத்து அந்தக் குட்டியோட 'டெயில்' கணக்கில் போயிடும். பத்தி ஆரம்பிச்ச உடனே எல்.பி. வந்தா, பத்தியின் டெக்ஸ்ட் காலி. மொத்தக் கல்வெட்டும் எல்.பி.-களின் வாலில் தொங்கிக்கிட்டிருக்கு. அதனால்தான் எரர் இல்லாம காலி வந்துச்சு.

மெமரியை மிச்சம் பிடிக்க, ஒவ்வொரு எலிமென்ட் மூடினதும் 'கிளியர்' கூப்பிடற பழக்கம் நிறைய பேருக்கு உண்டு. கிளியர் டெயிலையும் சேர்த்து அழிச்சிடும். டாக்குமென்ட் வகையில் அதைச் செய்யாதீங்க. கணக்கெடுப்பிலும் டெயில் இருக்கான்னு பார்க்கிற வேலையைத் தாய் எலிமென்ட் மூடும்போது செய்யுங்க. எண்ட் ஈவென்ட் வர்ற நேரத்தில் அந்த எலிமென்ட்டின் சொந்த டெயில் வந்து சேர்ந்திருக்கும்னு உறுதி இல்லை.

நூறு குழியா, முந்நூறு குழியா?

"சரி, ஐட்டர்டெக்ஸ்ட் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கே, உள்ளே இருக்கிற எல்லா எழுத்தையும் வரிசையா கொடுக்குமே?" கொடுக்கும். ஆபத்தும் அங்கேதான் ஆரம்பிக்குது.

கல்வெட்டுகளும் செப்பேடுகளும் பெரும்பாலும் யார் யாருக்கு என்ன கொடுத்தாங்கன்னு சொல்றவை. நம்ம பாகூர்ச் செப்பேடு பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் மூணு ஊர்களை ஒரு கல்விச்சாலைக்குக் கொடுத்ததைச் சொல்லுது. அங்கே எண்ணும் அளவும்தான் விஷயம்.

நான் ஒரு உதாரணம் சொல்றேன், எந்தக் கல்வெட்டில் இருந்தும் எடுத்தது இல்லை. ஒரு கல்லில் 'நூறு குழி' என்று தெளிவா இருக்கு. அதுக்கு முன்னாடி கல் உடைஞ்சிருக்கு. வேற வரிகளை வெச்சுப் பார்த்த பதிப்பாசிரியர், உடைஞ்ச இடத்தில் 'முந்' இருந்திருக்கணும்னு முடிவு பண்றாங்க. எபிடாக்கில் அந்த 'முந்' சப்ளைட் என்ற டேகுக்குள் போகும். ஐட்டர்டெக்ஸ்ட் போட்டா உங்களுக்குக் கிடைக்கிறது 'முந்நூறு குழி'. ஊகம் கல்லில் வெட்டினதா மாறிப்போச்சு. சப்ளைட் டேகைத் தூக்கிட்டா 'நூறு குழி'. அது இன்னும் மோசம், ஏன்னா முன்னாடி உடைசல் இருந்த தகவலே காணாம போச்சு. '[முந்]நூறு குழி' என்று அடைப்போட கொடுத்தாத்தான் படிக்கிறவருக்கு உண்மை தெரியும்.

இதே மாதிரி கேப் என்ற டேக், எழுத்தே மீட்க முடியாத இடத்தைக் காட்டும். அது காலி டேக் என்பதால் ஐட்டர்டெக்ஸ்ட் அதைத் தாண்டி ரெண்டு பக்க எழுத்தையும் ஒட்டிடும். கல்லில் இல்லாத புது வார்த்தை ஒண்ணு பிறக்கும். சாய்ஸ் என்ற டேகுக்குள் கல்லில் இருக்கிற பிழை வடிவமும் திருத்தின வடிவமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ரெண்டையும் எடுத்தா ஒரே சொல் ரெண்டு தடவை வரும். இன்னொண்ணு, எபிடாக் ஃபைலில் மூல வாசகம் ஒரு பகுதி, மொழிபெயர்ப்பு இன்னொரு பகுதி, குறிப்புகள் தனிப் பகுதி. மொத்த ஃபைலுக்கும் ஐட்டர்டெக்ஸ்ட் போட்டா ராஜராஜன் இங்கிலீஷ் பேச ஆரம்பிச்சிடுவார்.

தமிழ் எழுத்தைத் தேடினா ஒண்ணும் சிக்கலையேன்னு பயப்படவும் வேண்டாம். தர்மா ஃபைல்களில் மூல வாசகம் ரோமன் எழுத்துப்பெயர்ப்பில் இருக்கு. தேடல் டூல் செய்யறவங்க அதைத் தமிழுக்கு மாத்தற ஒரு படியையும் சேர்க்கணும்.

ஆக, டாக்குமென்ட் வகைக்குச் சுருக்குவழி இல்லை. ஒவ்வொரு டேகுக்கும் "இதை வெச்சுக்கணுமா, அடைப்பில் காட்டணுமா, விடணுமா?" என்று நீங்க முடிவெடுத்து, மரத்தை நடந்து, டெக்ஸ்ட்டையும் டெயிலையும் கையால் சேர்க்கிற ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதணும். முடிவெடுக்காத டேக் வந்தா ஃபங்ஷன் நிக்கணும், இல்லைன்னா குறைஞ்சது சத்தம் போடணும்.

தெரியாத ஃபைல் என்றால் தெரியாத ஆள்

வகை தெரியாத ஃபைல் பெரும்பாலும் எங்கிருந்து வந்துச்சுன்னும் தெரியாத ஃபைல். எக்ஸ்.எம்.எல்.-இல் என்டிட்டி என்று ஒரு வசதி உண்டு, ஒரு சுருக்கப் பெயருக்கு நீளமான எழுத்தை வைக்கலாம். 'பில்லியன் லாஃப்ஸ்' என்ற பழைய தாக்குதல் அதை வெச்சுத்தான். முதல் என்டிட்டி மூணு எழுத்து, அடுத்தது அதைப் பத்து தடவை கூப்பிடும், அதுக்கு அடுத்தது அதைப் பத்து தடவை, இப்படி ஒன்பது அடுக்கு. ஃபைல் ஒரு கேபி அளவுதான், விரிஞ்சா நூறு கோடி மடங்கு, சுமார் 3 ஜிபி. லேப்டாப் அப்படியே படுத்துடும். பைத்தான் பயன்படுத்துற எக்ஸ்பாட் என்ற பார்சரில் 2021-இல் வந்த 2.4.0 பதிப்பில் இருந்து இதுக்குத் தடுப்பு இருக்கு. ஆனா உங்க மெஷினில் எந்தப் பதிப்புன்னு யோசிச்சுக்கிட்டிருக்கறதை விட, டிஃப்யூஸ்ட்எக்ஸ்எம்எல் என்ற பேக்கேஜ் வழியா திறக்கறது நிம்மதி.

உங்க பக்கமும் ஒரு பொறுப்பு இருக்கு. "ஃபைல் என்னன்னு பார்ப்போம்" என்று ஏதோ ஒரு ஆன்லைன் எக்ஸ்.எம்.எல். வியூவரில் போட்டுடாதீங்க. உள்ளே இருக்கிறது அப்பாவோட ஆதார் விவரமா, கடையோட டாலி கணக்கான்னு போட்டதுக்கு அப்புறம்தான் தெரியும். ரூட்டைப் பார்க்கிற அஞ்சு வரி கோடு உங்க மெஷினிலேயே ஓடட்டும்.

கோடை எப்படி அடுக்கறது?

ஒரு டிக்ஷனரி வெச்சுக்குங்க. சாவி: நேம்ஸ்பேஸும் ரூட் பெயரும் சேர்ந்த ஜோடி. மதிப்பு: அந்த வகையைப் படிக்கிற ஃபங்ஷன். ஃபைல் வந்தா, முதல் பைட்டுகளைப் பார், ரூட்டை எடு, டிக்ஷனரியில் தேடு. இருந்தா அந்த ஃபங்ஷனுக்கு அனுப்பு. இல்லைன்னா கணக்கெடுப்பு அறிக்கையைக் கொடுத்துட்டு நில்லு. "கிட்டத்தட்ட ஆர்.எஸ்.எஸ். மாதிரி இருக்கே" என்று ஊகிச்சு உள்ளே தள்ளாதீங்க. ஊகிச்சு வர்ற தப்பு எரரா வராது, காலியா வரும், இல்லைன்னா தப்பான எண்ணா வரும்.

டி.இ.ஐ. ஃபைல்களில் இன்னொரு உதவியும் இருக்கும். ரூட்டுக்கு முன்னாடி ஸ்கீமா எங்கே இருக்குன்னு சொல்ற ஒரு வரி பல ஃபைல்களில் உண்டு. ஹெட்டர் பகுதியில் யார் பதிப்பிச்சாங்க, என்ன லைசென்ஸ் என்ற விவரம் இருக்கும். அதைப் படிங்க. உங்க டூலில் தேடல் முடிவு வரும்போது பதிப்பாசிரியர் பெயரையும் காட்டுங்க. அந்த அடைப்புக்குறி அவங்களோட வருஷக்கணக்கான உழைப்பு.

வீட்டு வேலை: உங்க டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இருக்கிற எல்லா எக்ஸ்.எம்.எல். ஃபைலுக்கும் ரூட், நேம்ஸ்பேஸ், எழுத்தும் டேகும் கலந்திருக்கா இல்லையா என்று மூணு காலத்தில் ஒரு பட்டியல் எடுங்க. அதில் உங்களுக்குப் புரியாத ரூட் ஏதாவது சிக்கினா, ஃபைலை அனுப்ப வேண்டாம், ரூட் பெயரை மட்டும் எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் அதை எடுத்துப் பேசுவோம்.